புகைப்பவரைச் சென்றடைவது எப்படி: பிரச்சாரம் நடத்துவோருக்கு ஒரு வழிகாட்டி

ஒவ்வோர் ஆண்டும் மே 31ஆம் தேதி உலகப் புகையிலை எதிர்ப்பு நாளன்று, தமிழ்நாட்டின் பல ஊர்களில் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களும் மருத்துவமனைகளும் குடியிருப்போர் நலச் சங்கங்களும் பேரணி நடத்தித் துண்டறிக்கை கொடுக்கிறார்கள். அதில் கருத்துப்போன நுரையீரலின் படமும் புற்றுநோய் பற்றிய எச்சரிக்கையும் இருக்கும். டீக்கடை வாசலில் அதை வாங்கிப் படிப்பவருக்கு அதிலுள்ள செய்தி புதிதல்ல. 2016-17இல் இந்தியாவில் நடந்த வயதுவந்தோர் புகையிலைப் பயன்பாட்டு ஆய்வில், புகைத்தால் கடும் நோய் வரும் என்று பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கூறினார்கள். அதே ஆய்வில், புகைப்பவர்களில் 55.4 விழுக்காட்டினர் விட்டுவிட எண்ணுவதாகவோ திட்டமிடுவதாகவோ தெரிவித்தார்கள். கேடு தெரிந்தும் விட விரும்பியும் விட முடியாமல் இருக்கிற ஒருவரிடம் கேட்டைப் பற்றியே மீண்டும் சொல்வதால் அவருக்கு ஒரு பயனும் இல்லை. சிகரெட் அவருக்கு எதைத் தருகிறது, எந்த நேரத்தில் தருகிறது என்பதை அறிந்து, அந்த நேரத்துக்கு ஒரு மாற்றுவழியைக் கையில் கொடுப்பதே பிரச்சாரத்தின் வேலை. பெரிய நிதி இல்லாத சிறு குழுக்கள் அதை எப்படிச் செய்யலாம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

பேசுவதற்கு முன் கேட்பது

முதல் வாரம் எதையும் அச்சடிக்க வேண்டாம். நீங்கள் சென்றடைய விரும்பும் மக்கள் கூட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். “பொதுமக்கள்” என்று எடுத்துக்கொண்டால் யாரையும் அடைய முடியாது. ஒரு லாரி நிறுத்தம், ஒரு கட்டுமானத் தளம், ஒரு மென்பொருள் வளாகத்தின் வாசல், ஒரு மீன்பிடித் துறைமுகம் என இடத்தைக் குறுக்கிக்கொள்ளுங்கள். அங்கே சென்று, “ஏன் புகைக்கிறீர்கள்?” என்று கேட்காதீர்கள். அது விசாரணை போலக் காதில் விழும். “சும்மா, பழக்கம்தான்” என்பதற்கு மேல் பதில் வராது. “இன்றைக்கு முதல் சிகரெட் எத்தனை மணிக்கு, எங்கே?”, “அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்?”, “எப்போதாவது சில நாள் நிறுத்தியிருக்கிறீர்களா? மறுபடி தொடங்கிய அன்று என்ன நடந்தது?” என்று கேளுங்கள். தூங்கி எழுந்த எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்பது ஒரு முக்கியமான கேள்வி. எழுந்த ஐந்து நிமிடத்துக்குள் பற்றவைப்பவருக்கு உடல் சார்ந்த அடிமைத்தனம் கடுமையானது. மதிய உணவுக்குப் பிறகு ஒன்று, மாலையில் நண்பர்களோடு ஒன்று என்று இருப்பவரின் கட்டு வேறு வகை. இருவருக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது.

இப்படிக் கேட்கும்போது கிடைக்கும் பதில்களில் சிலவற்றைத் துண்டறிக்கைகள் இதுவரை தொட்டதே இல்லை. காலையில் ஒரு தம் அடித்தால்தான் மலம் கழியும் என்று பலர் சொல்வார்கள். புகையிலையிலுள்ள நிகோட்டின் குடல் இயக்கத்தைத் தூண்டுவது உண்மை. நிறுத்திய முதல் சில நாட்களில் மலச்சிக்கல் வருவதும் உண்மை. அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டால், மூன்றாம் நாள் காலையில் அவர் உங்கள் அறிவுரையை ஒதுக்கிவிடுவார். இரவு ஓட்டும் ஓட்டுநர் தூக்கத்தை விரட்ட என்பார். கட்டுமானத் தொழிலாளி பசியை அடக்க என்பார். நிகோட்டின் பசியைக் குறைக்கவே செய்கிறது.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஓய்வு. உணவகச் சமையல்கட்டில் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவர், “கால் வலிக்கிறது, பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன்” என்று முதலாளியிடம் சொல்ல முடிவதில்லை. “ஒரு தம் அடித்துவிட்டு வருகிறேன்” என்று சொல்ல முடிகிறது. மென்பொருள் அலுவலகத்திலும் இதுவே நடக்கிறது. மேலாளரும் ஊழியரும் சமமாக நின்று பேசும் ஒரே இடம் சிகரெட் பிடிக்கும் மூலையாக இருந்தால், புகைக்காத ஊழியர்கூட அங்கே போய் நிற்பார்; சில மாதங்களில் அவர் கையிலும் ஒன்று இருக்கும். இத்தகைய இடத்தில் உங்கள் பிரச்சாரத்தின் முதல் கூட்டம் மேஸ்திரியோடும் மேலாளரோடும் நடக்க வேண்டும். புகைக்காதவருக்கும் காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம் இடைவேளை உண்டு என்று அவர்களிடமிருந்து ஒரு வாக்குறுதி வாங்கிவிட்டால், ஆயிரம் துண்டறிக்கைகளைவிட அது அதிகம் செய்யும்.

“டென்ஷன் குறைகிறது” என்ற பதில் எங்கும் வரும். அதை மறுத்துப் பேச வேண்டாம். இழுத்த புகையிலுள்ள நிகோட்டின் பத்து முதல் இருபது வினாடிகளில் மூளையை எட்டுகிறது. பின்னர் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிறது. அளவு குறையக் குறைய எரிச்சலும் அமைதியின்மையும் கவனச் சிதறலும் தலைதூக்குகின்றன; அடுத்த சிகரெட் அவற்றை அடக்குகிறது. ஆகவே, அவர் உணரும் நிம்மதி மெய்யானது. ஆனால் அந்த நிம்மதி தீர்த்துவைக்கும் பதற்றத்தில் பெரும்பங்கு முந்தைய சிகரெட் விட்டுச்சென்றது. இதைப் பொறுமையாக விளக்கினால் பலருக்கும் புரிகிறது, ஏனென்றால் அவர்கள் நாள்தோறும் அனுபவிப்பது அதைத்தான். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2014இல் வெளியிட்ட, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு, புகைப்பதை நிறுத்தியவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் மன அழுத்தமும் தொடர்ந்து புகைப்பவர்களைவிடக் குறைந்ததைக் காட்டியது. “விட்டால் டென்ஷன் தாங்காது” என்று அஞ்சுபவருக்கு இந்தச் செய்தி நுரையீரல் படத்தைவிடப் பயன்படும்.

அச்சமும் அதற்குப் பின் வழியும்

அச்சுறுத்தும் விளம்பரங்களால் பயனே இல்லை என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. 2016-17 ஆய்வில், எச்சரிக்கைப் படங்களைப் பார்த்து விட்டுவிட எண்ணியதாகச் சிகரெட் பிடிப்பவர்களில் 61.9 விழுக்காட்டினரும் பீடி பிடிப்பவர்களில் 53.8 விழுக்காட்டினரும் கூறினார்கள். சிக்கல் அச்சத்தில் இல்லை. அச்சத்தோடு நின்றுவிடுவதில்தான் இருக்கிறது. அஞ்சியவருக்கு அடுத்த அடியை எங்கே வைப்பது என்று தெரியாவிட்டால், அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் அல்லது கேலி செய்து அச்சத்தைத் தள்ளிவிடுகிறார். 2012 அக்டோபர் முதல் புகைக்கும் காட்சியுள்ள திரைப்படங்களின் தொடக்கத்திலும் நடுவிலும் காட்டப்படும் எச்சரிக்கைப் படங்களின் குரலை நம் திரையரங்குகளில் இளைஞர்கள் ஒப்பிப்பது அதனால்தான். ஆஸ்திரேலியா 1997இல் தொடங்கிய பிரச்சாரம், புகை உடலுக்குள் செய்யும் சேதத்தை முகம் சுளிக்கும் அளவுக்குக் காட்டியது. ஆனால் உதவி கேட்டுப் பேசுவதற்கான தொலைபேசி எண்ணும் கூடவே வந்தது. விளம்பரம் ஓடிய நாட்களில் அந்த எண்ணுக்கு அழைப்புகள் பெருகின.

நமக்கும் அப்படியொரு எண் இருக்கிறது. 1800-11-2356 என்ற தேசியக் கட்டணமில்லா எண் 2018 முதல் புகையிலைப் பொருட்களின் உறைகளில் அச்சிடப்படுகிறது; அதில் தமிழிலும் ஆலோசனை பெறலாம். ஆனால் நம் ஊர்களில் பெரும்பாலானோர் சிகரெட்டை உதிரியாக வாங்குகிறார்கள். சிகரெட் அட்டைப்பெட்டி கடைக்காரரிடமே இருந்துவிடுகிறது. வாங்குபவர் கைக்கு ஒற்றைச் சிகரெட் மட்டுமே வருகிறது. உறையின் இரு பக்கத்திலும் 85 விழுக்காடு இடத்தை நிரப்பிய எச்சரிக்கையும் அந்த எண்ணும் அவர் கண்ணில் படுவதே இல்லை. எனவே உங்கள் துண்டறிக்கையில் ஒன்றே ஒன்று பெரிய எழுத்தில் இருக்க வேண்டுமானால், அது அந்த எண்தான். டீக்கடை வாசலில், நெருப்புக் கயிறோ லைட்டரோ தொங்கும் இடத்துக்கு எதிரே, கண் மட்டத்தில் அதை ஒட்டுவதற்குக் கடைக்காரரிடம் அனுமதி கேளுங்கள். அவரிடம் பணிவாகப் பேசுங்கள். அவர் விற்பவர் மட்டுமல்லர், பலமுறை விட்டுப் பார்த்தவராகவும் இருப்பார்.

நோயைப் பற்றிப் பேசும்போது, கேட்பவரின் ஊருக்கும் வயதுக்கும் நெருக்கமான நோயைப் பேசுங்கள். சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர் வெ. கஜலட்சுமியும் ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோவும் பிறரும் தமிழ்நாட்டின் நகர்ப்புறத்திலும் கிராமப்புறத்திலும் இறந்த ஏறக்குறைய 43,000 ஆண்களைப் பற்றி நடத்திய ஆய்வு 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. புகைக்கும் ஆண்கள் காசநோயால் இறக்கும் வாய்ப்பு, புகைக்காதவர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு என்று அது கண்டது. புற்றுநோய் என்றால் “அது எழுபது வயதில் வரும்” என்று தள்ளிப்போடும் தொழிலாளிக்கு, தன் தெருவிலேயே யாருக்கோ வந்திருக்கும் காசநோய் தொலைவில் இல்லை. பீடியைப் பற்றிய தவறான நம்பிக்கையையும் இங்கேயே பேசிவிடலாம். இலையில் சுற்றியது, இயற்கையானது, ஆகவே தீங்கு குறைவு என்று கிராமங்களில் நம்புகிறார்கள். பீடி அணைந்துவிடாமல் இருக்க அதை அடிக்கடி, அழுத்தி இழுக்க வேண்டியிருக்கிறது. அதனால் உள்ளே போகும் தாரும் கார்பன் மோனாக்சைடும் கூடுகின்றன.

நம்பிக்கை தரும் எண்களை மறக்க வேண்டாம். பிரிட்டிஷ் மருத்துவர்களை 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்த ரிச்சர்ட் டாலின் ஆய்வு, 60 வயதில் விட்டவருக்குக்கூட ஏறத்தாழ 3 ஆண்டும், 50இல் விட்டவருக்கு 6 ஆண்டும், 40இல் விட்டவருக்கு 9 ஆண்டும் ஆயுள் திரும்பக் கிடைத்ததைக் காட்டியது. “இனிமேல் விட்டு என்ன ஆகப்போகிறது” என்று சொல்லும் ஐம்பது வயதுக்காரரிடம் சொல்ல வேண்டிய எண் 6.

மாலை போட்ட நாட்கள்

நம் ஊர்ப் பிரச்சாரங்கள் பயன்படுத்தாமல் விட்ட மிகப் பெரிய வாய்ப்பு, ஏற்கெனவே ஆண்டுதோறும் நடக்கும் நிறுத்தம்தான். கார்த்திகை பிறந்ததும் சபரிமலைக்கு மாலை போடும் ஆண்களில், நாளுக்குப் பத்துப் பதினைந்து சிகரெட் பிடித்தவர்கள் ஒரே நாளில் நிறுத்தி, 41 நாளோ 48 நாளோ தொடாமல் இருக்கிறார்கள். பழனிக்கு மாலை போட்டு நடப்பவர்களும் அப்படியே. தவக்காலத்தின் நாற்பது நாட்களில் புகையை ஒறுத்தலாக விடும் கிறிஸ்தவர்கள் உண்டு. ரமலானில் நோன்பு நோற்பவர்கள் விடியல் முதல் மாலை வரை ஒரு மாதம் புகையைத் தொடுவதில்லை. நிகோட்டினை நிறுத்துவதால் வரும் உடல் துன்பம் முதல் சில நாட்களில் உச்சத்தை அடைந்து, இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணிந்துவிடுகிறது. ஆகவே, மாலை கழற்றும் நாளில் அந்த மனிதரின் உடல் ஏறக்குறைய விடுபட்டிருக்கிறது. அன்று மாலையே நண்பர் நீட்டும் ஒற்றைச் சிகரெட்டை அவர் வாங்குவது பெரும்பாலும் உடல் கேட்டதால் அன்று. விரதம் முடிந்துவிட்டது என்பதற்கான அடையாளமாகத்தான்.

இங்கிலாந்தில் 2012இல் தொடங்கிய ‘ஸ்டாப்டோபர்’ என்ற இயக்கம், அக்டோபரில் 28 நாட்கள் நிறுத்திப் பாருங்கள் என்று மக்களை அழைத்தது. 28 நாள் தாண்டியவர் நிரந்தரமாக விடும் வாய்ப்பு ஐந்து மடங்கு என்பதே அதன் முழக்கம். அவர்கள் பெருஞ்செலவில் உருவாக்கிய கூட்டு நிறுத்தம் நமக்குக் கார்த்திகையில் தானாகவே கிடைக்கிறது. செய்ய வேண்டியவை எளியவை. கார்த்திகைக்கு முன்பே ஊரிலுள்ள குருசாமிகளைச் சந்தியுங்கள். புகையைப் பற்றி அறிவுரை கூற மருத்துவரைவிட அங்கே அவருக்கு மதிப்பு அதிகம். மாலை கழற்றும்போது, “இன்னொரு மண்டலம் இதை மட்டும் தொடாமல் இரு, சாமி” என்று அவர் தம் சீடர்களிடம் சொன்னால் போதும். மலைக்குப் போய் வந்த முதல் வாரத்தில் உங்கள் குழுவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் விசாரிக்க வேண்டும். “41 நாள் இருந்திருக்கிறீர்கள், கடினமான பகுதி முடிந்துவிட்டது” என்று சொல்ல வேண்டும். பலருக்கும் இதை யாரும் சொன்னதில்லை. தமக்கு மனவுறுதி இல்லை என்றே நம்பும் மனிதர், ஆண்டுதோறும் ஒரு மண்டலம் நிறுத்திக் காட்டுகிறார் என்பதை அவருக்கே எடுத்துக்காட்டுவது, எந்தப் படமும் தராத துணிவைத் தருகிறது.

யார் சொல்வது

குழுவில் சிகரெட்டைத் தொட்டே பார்க்காதவர்கள் மட்டும் இருந்தால் பேச்சு ஒழுக்கப் போதனையாக மாறிவிடும். அதே தொழிலில், அதே தெருவில் இருந்து விட்டவர் ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். எப்படி விட்டேன், எத்தனை முறை தோற்றேன் என்று அவர் சொல்லட்டும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2012இல் தொடங்கிய பிரச்சாரம் பெரும்பாலும் முன்னாள் புகைப்பவர்களின் சொந்தக் குரலிலேயே அமைந்திருந்தது.

மருத்துவரும் செவிலியரும் நீண்ட உரை நிகழ்த்த வேண்டியதில்லை. புகைக்கிறாரா என்று கேட்பது, விடுவதற்கு உதவியோடு முயல்வதே சிறந்த வழி என்று சொல்வது, உதவி கிடைக்குமிடத்தைக் காட்டுவது என்ற மூன்றும் அரை நிமிடத்தில் முடியும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்க வீடு தேடி வரும் தன்னார்வலர்கள் இதைச் செய்தால், மருத்துவமனைப் பக்கமே வராத நடுத்தர வயது ஆண்களையும் அடையலாம்.

குழந்தைகளைப் பயன்படுத்துவதில் கவனம் தேவை. தாய்லாந்தில் 2012இல் வந்த ஒரு குறும்படத்தில், சிறுவர்கள் தெருவில் புகைப்பவர்களிடம் சென்று நெருப்பு கேட்கிறார்கள். பெரியவர்கள் பதறி, புகைத்தால் என்னென்ன கேடு வரும் என்று அவர்களுக்கு அறிவுரை சொல்கிறார்கள். அப்போது சிறுவர்கள் ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்: “என்னைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள், உங்களைப் பற்றி ஏன் கவலைப்படவில்லை?” அந்தப் படத்தில் யாரும் யாரையும் திட்டவில்லை, அவமதிக்கவில்லை. நம் பள்ளிகளில் அப்பாவைத் திருத்து என்று பிள்ளையிடம் உறுதிமொழி வாங்கி அனுப்புகிறோம். குடிப்பழக்கமும் அடிதடியும் உள்ள வீட்டில் அந்தச் சுமையைப் பிள்ளையின் தோளில் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பதின்ம வயதினருக்கு நோயும் ஆயுளும் எட்டாத தொலைவு. “இது பெரியவர்கள் எடுக்கும் முடிவு, உனக்கு வயது போதாது” என்ற பேச்சு அவர்களை ஈர்க்கவே செய்கிறது. அமெரிக்காவில் சிகரெட் நிறுவனமே நடத்திய அத்தகைய பிரச்சாரத்தால் பயன் விளையவில்லை. 1998இல் ஃபுளோரிடா மாநிலம் வேறு வழியில் சென்று, நிறுவனங்கள் இளைஞர்களை எப்படித் திட்டமிட்டு வாடிக்கையாளர்களாக்குகின்றன என்பதை இளைஞர்களின் வாயாலேயே சொல்ல வைத்தது. இரண்டே ஆண்டுகளில் நடுநிலைப் பள்ளி மாணவர்களிடையே புகைப்பழக்கம் 40 விழுக்காடு குறைந்தது. இதோடு, பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்ற 2003ஆம் ஆண்டுச் சட்டம் உங்கள் ஊரில் நடைமுறையில் உள்ளதா என்று மாணவர்களையே அளந்து பார்க்கச் சொல்லலாம்.

தென்காசி, அம்பாசமுத்திரம், குடியாத்தம், பேரணாம்பட்டு போன்ற பீடி சுற்றும் பகுதிகளில் பிரச்சாரம் செய்வோர், வீட்டுத் திண்ணையில் தட்டை மடியில் வைத்துச் சுற்றும் பெண்களைக் குற்றவாளிகளாக்கிவிடக் கூடாது. புகையிலைத் தூளை நாள் முழுதும் சுவாசிப்பவர்கள் அவர்கள். மாற்றுத்தொழில் கோரிக்கையையும் சேர்த்துப் பேசாத பிரச்சாரம் அங்கே எடுபடாது.

கையில் கொடுக்க வேண்டியவை

விட முடிவு செய்தவருக்கு ஒரு தேதி வேண்டும். அடுத்த இரண்டு வாரத்துக்குள் ஒரு நாளை அவரே தேர்ந்தெடுக்கட்டும். தூண்டல் எழும்போது அது சில நிமிடங்களில் தணிந்துவிடும் என்பதைச் சொல்லுங்கள். அந்த நிமிடங்களுக்கு என்ன செய்வார் என்பதை அவர் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். காலையில் எழுந்ததும் வெந்நீர், சிறு நடை, உணவில் கீரையும் பழமும் என்பவை மலச்சிக்கலுக்கு. டீயும் காபியும் வழக்கத்தில் பாதியாகக் குறையட்டும். புகைப்பவர் உடலில் காஃபீன் விரைவாகக் கழிகிறது; நிறுத்தியதும் அது மெதுவாகிவிடுவதால், வழக்கமான நான்கு டீயே படபடப்பையும் தூக்கமின்மையையும் தரும். அதைச் சிகரெட் இல்லாத குறை என்று அவர் தவறாக நினைத்துவிடுவார்.

எழுந்தவுடன் புகைப்பவர்களுக்கு நிகோட்டின் சூயிங்கம் பெரிதும் உதவும். பலரும் அதைச் சாதாரண மிட்டாய்க் கம்போல மென்று, வயிறு எரிகிறது என்று தூக்கி எறிகிறார்கள். சில முறை மென்று காரம் தெரிந்ததும் கன்னத்தின் உட்புறம் ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் குறைந்ததும் மறுபடி மெல்ல வேண்டும். மெல்வதற்குக் கால் மணி நேரம் முன்பும் மெல்லும்போதும் டீ, காபி குடிக்கக் கூடாது. அளவை மருத்துவரோ மருந்தாளுநரோ சொல்லட்டும். எடை நான்கைந்து கிலோ கூடலாம் என்பதையும் மறைக்காதீர்கள். அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் உள்ளதைப் போன்ற புகையிலை நிறுத்த மையங்கள் எவை உங்கள் மாவட்டத்துக்கு அருகில் இருக்கின்றன என்று முன்கூட்டியே விசாரித்து, முகவரியைத் துண்டறிக்கையின் பின்புறம் போடுங்கள்.

எத்தனை அறிக்கை கொடுத்தோம், எத்தனை பேர் பேரணிக்கு வந்தார்கள் என்ற கணக்கைப் பிரச்சாரத்தின் பயனாக எழுத வேண்டாம். பெயரும் தொலைபேசி எண்ணும் தர ஒப்புக்கொண்டவர்களை முதல் வாரத்தில் ஒரு முறையும், ஒரு மாதத்தில் ஒரு முறையும், ஆறாம் மாதத்தில் ஒரு முறையும் அழையுங்கள். ஆறாம் மாதத்தில் புகைக்காமல் இருப்பவர்கள் எத்தனை பேர் என்பதே உங்கள் கணக்கு. அது சிறிய எண்ணாகத்தான் இருக்கும், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மீண்டும் தொடங்கிவிட்டவரிடம் ஏன் என்று கேட்காமல், எந்த நாள், எந்த இடம், யாரோடு என்று கேட்டுக் குறித்துக்கொண்டு, புதிய தேதி ஒன்றை அவரோடு சேர்ந்து முடிவு செய்யுங்கள். அந்தக் குறிப்புகளை மாதம் ஒருமுறை குழுவாக உட்கார்ந்து படித்து, எந்த நேரத்தில் அதிகம் பேர் தடுமாறுகிறார்களோ அந்த நேரத்தைப் பற்றி அடுத்த துண்டறிக்கையை எழுதுங்கள்.